முல்லர் எப்படி மில்லர் ஆனார்? 300 ஆண்டு பழைய கப்பல் பட்டியலில் வேர் தேடும் அமெரிக்கர்கள்

இரண்டாம் உலகப் போரில் நார்மாண்டி கரையில் இறங்கி ஜெர்மன் படைகளை விரட்டிய நேச நாட்டுப் படைகளின் தளபதி டுவைட் ஐசன்ஹோவர். பின்னாளில் அமெரிக்க அதிபர். அவருடைய முன்னோர் எந்த நாட்டுக்காரர் தெரியுமா? ஜெர்மனிதான். பிரான்ஸ் எல்லையை ஒட்டிய கார்ல்ஸ்பிரன் என்ற சின்ன ஊரிலிருந்து 1741-ல் பென்சில்வேனியாவுக்குப் போன ஹான்ஸ் நிக்கோல் ஐசன்ஹவரின் வழிவந்தவர் அவர்.

அதிபர் ஹூவரின் மூதாதையர் ‘ஹூபர்’. ராக்பெல்லர் குடும்பம் ஒருகாலத்தில் ‘ராக்கன்ஃபெல்லர்’. இவர்களெல்லாம் பெரிய இடம், தேடிக் கொடுக்க ஆள் கிடைக்கும். ஆனால், ஒஹையோவில் இருக்கும் ஒரு சாதாரண மில்லருக்கு, ‘எங்க தாத்தாவோட தாத்தா எந்த ஊர்?’ என்ற கேள்வி வந்தால்? அங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

பட்டியல் எப்படி வந்தது?

1683-ல் கிரெஃபெல்ட் நகரிலிருந்து வந்த 13 குடும்பங்கள் பிலடெல்பியா அருகே ஜெர்மன்டவுனை உருவாக்கின. 1709-ல் கொடிய குளிர்காலமும் தொடர் போர்களும் ரைன் நதிக்கரை மக்களை விரட்ட, ஆயிரக்கணக்கானோர் லண்டனில் குவிந்தார்கள். அவர்களில் சுமார் 3,000 பேரை பிரிட்டிஷ் அரசு நியூயார்க்குக்கு அனுப்பியது. எதற்கு? கடற்படைக் கப்பல்களுக்குப் பைன் மரத்திலிருந்து தார் காய்ச்ச! அந்தத் திட்டம் படுதோல்வி. ஆனால், அந்தக் குடும்பங்களுக்கு ஆளுநர் ஹன்டர் படியளந்த கணக்குப் புத்தகம் இன்றைக்கு வம்சாவளி ஆய்வாளர்களுக்குப் பொக்கிஷம்.

இன்னும் பெரிய பொக்கிஷம் பிலடெல்பியாவில் இருக்கிறது. ஜெர்மானியர்கள் இப்படி வந்துகொண்டே இருந்தால் நம்ம நிலைமை என்ன ஆகும் என்று பென்சில்வேனியா அரசுக்குப் பயம். அதனால் 1727 முதல், கப்பலில் வந்து இறங்கும் 16 வயது நிரம்பிய ஒவ்வோர் ஆணும் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசமாக இருப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். 1775 வரை வந்த முந்நூறுக்கும் மேற்பட்ட கப்பல்களின் பட்டியல்களை ஸ்ட்ராஸ்பர்கர், ஹிங்கே என்ற இருவர் 1934-ல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம், கையெழுத்துகளையும் அப்படியே படமாகப் போட்டது. ஜெர்மனியில் ஒரு பழைய பத்திரத்தில் இருக்கும் கையெழுத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒத்துப்போனால் ஜாக்பாட்.

ஆனால், அந்தப் பட்டியல்கள் பெரும்பாலானவற்றில் ஊர்ப்பெயர் கிடையாது. பெண்களும் குழந்தைகளும் கையெழுத்திடவில்லை. ஆகவே பாதிக்கு மேற்பட்ட பயணிகள் கண்ணுக்கே தெரிவதில்லை.

பெயர் படுத்தும் பாடு

‘எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பேரை மாத்திட்டாங்க’ என்று அமெரிக்கக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு கதை ஓடும். எல்லிஸ் தீவு நிலையம் திறந்ததே 1892-ல்! இவர்கள் வந்ததோ அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னால்.

நடந்தது வேறு. ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். முல்லர், மில்லர் ஆனார். சிலர் பெயரையே மொழிபெயர்த்துக்கொண்டார்கள்: தச்சரைக் குறிக்கும் சிம்மர்மன், ‘கார்பென்டர்’ ஆனார், ஷ்வார்ட்ஸ், ‘பிளாக்’ ஆனார். ஒரே அப்பாவின் பிள்ளைகளில் ஒருவர் கிளைன், இன்னொருவர் லிட்டில் என்று இருக்கலாம்.

முதல் பெயர் இன்னும் மோசம். ஒரே வீட்டில் யோஹான் கியோர்க், யோஹான் யாக்கோப், யோஹான் பீட்டர் என்று மூன்று பையன்கள் இருப்பார்கள். ஞானஸ்நானத்தில் வைத்த ‘யோஹான்’ வெறும் முன்னொட்டு. கூப்பிடுவது இரண்டாவது பெயரைத்தான். இது புரியாமல் ‘யோஹான் மில்லர்’ என்று தேடினால் யாரோ ஒருவரின் கொள்ளுத்தாத்தாவை உங்கள் மரத்தில் ஒட்டிவிடுவீர்கள். இணையத்தில் சுற்றும் குடும்ப மரங்களில் நிறைய இப்படித்தான் வளர்ந்தவை. ஒருவர் தப்பாகப் போட்டதை மற்றவர்கள் காப்பி பேஸ்ட் செய்ததுதான் காரணம். பத்து மரத்தில் இருந்தாலும் ஆதாரம் பூஜ்ஜியமாக இருக்கலாம்.

தேதியிலும் வில்லங்கம் உண்டு. பிரிட்டிஷ் காலனிகள் 1752 வரை பழைய நாள்காட்டியைப் பின்பற்றின. ஜெர்மனி அதற்குள் புதியதற்கு மாறிவிட்டது. வித்தியாசம் 11 நாள்.

அப்போ, ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி?

இங்கேதான் தலைகீழாக யோசித்தார் அனெட் பர்கெர்ட் என்ற ஆய்வாளர். அமெரிக்காவிலிருந்து பின்னோக்கிப் போவதை விட்டு, ஜெர்மன் கிராமத் தேவாலயங்களின் பதிவேடுகளைப் புரட்டினார். ஒரு குழந்தையின் ஞானஸ்நானப் பதிவுக்குப் பக்கத்தில் ‘குடும்பம் பென்சில்வேனியா போய்விட்டது’ என்று பாதிரியார் ஓரத்தில் கிறுக்கியிருப்பார். அதைக் கப்பல் பட்டியலோடு பொருத்தினார். தனியாக ஒரு பெயர் பொருந்தினால் போதாது. பக்கத்து வீட்டுக்காரர், மச்சான், ஞானப்பெற்றோர் என நாலைந்து பேர் அதே கப்பலில் வந்து, அதே ஊரில் குடியேறியிருந்தால்தான் நம்பலாம். மக்கள் கூட்டமாகத்தானே கிளம்புகிறார்கள்?

இந்தப் பதிவேடுகளில் பல இப்போது ஆர்கியான் தளத்தில் கட்டணத்துக்குக் கிடைக்கின்றன. ஆனால், அந்தக் காலத்து குரென்ட் கையெழுத்தைப் படிக்க இன்றைய ஜெர்மானியர்களே திணறுவார்கள்.

இதில் நமக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு படித்த ஹாலே நகரிலிருந்துதான், 1742-ல் முல்லன்பெர்க் என்ற பாதிரியார் பென்சில்வேனியா போனார். ஹாலேயின் ஃபிராங்கே அறக்கட்டளைக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளும் பென்சில்வேனியாக் கடிதங்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தால் போதாதா? எட்டுத் தலைமுறைக்கு முந்தைய முன்னோர் 256 பேர். அதில் ஒருவரின் பங்கு சராசரியாக 0.4 சதவீதம்தான். தந்தை வழியில் மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோம் சோதனை ஓரளவு உதவும், அதுவும் அதே வழியில் வந்த இன்னொருவர் டெஸ்ட் எடுத்திருந்தால்.

செத்தவருக்கும் டிக்கெட்

1750-ல் பயணம் செய்த மிட்டல்பெர்கர் எழுதிய குறிப்பைப் படித்தால் மனசு கனக்கும். ரைனில் வழியெங்கும் சுங்கச் சாவடிகள், ராட்டர்டாமில் காத்திருப்பு, அப்புறம் கடல். கையில் இருந்த காசு வழியிலேயே கரைந்துவிடும். கட்டணம் பாக்கி உள்ளவர்களைப் பிலடெல்பியாவில் கப்பலிலேயே விலைபேசி, சில ஆண்டு வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். பாதி தூரம் தாண்டியபின் கணவன் இறந்தால், அவருடைய கட்டணத்துக்கும் சேர்த்து மனைவி உழைக்க வேண்டும். சிறு பிள்ளைகள் 21 வயது வரை. ஒரே குடும்பம் இறங்கிய அன்றே நாலு திசைக்குப் பிரிந்தது.

அப்படிப் பிரிந்தவர்கள் தேடிக்கொள்ள ஒரு வழி இருந்தது. 1739-ல் ஜெர்மன்டவுனில் கிறிஸ்டோஃப் சாவர் தொடங்கிய ஜெர்மன் செய்தித்தாள். அதில் அண்ணனைத் தேடும் தம்பி, தங்கையைத் தேடும் அக்கா எல்லாரும் விளம்பரம் கொடுத்தார்கள். ஆளை அடையாளம் காட்ட வேண்டுமே, அதனால் எந்த ஊர், எந்த வருடம் வந்தோம் என்றெல்லாம் எழுதினார்கள். கப்பல் பட்டியல் தராத ஊர்ப்பெயரை இன்று பல குடும்பங்கள் கண்டெடுப்பது அந்த விளம்பரங்களிலிருந்துதான். தேடிய தம்பிக்கு அண்ணன் கிடைத்தாரா என்பது மட்டும் பெரும்பாலும் அடுத்த இதழில் இருக்காது.