வலைக்கும் கடனுக்கும் ஒரே ஓசை

உடப்புக் கடற்கரையிலே கரைவலை இழுப்போர் பாடும் அம்பாவைக் கேட்டவர்கள் அதனை எளிதில் மறந்துவிடமாட்டார்கள். ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். கயிற்றைப் பற்றி நிற்கும் ஏனையோர் ஒரே குரலாய் ஏற்றுச் சொல்வர். ஓசை திரும்பத் திரும்ப வந்து விழும் இடத்திலே கால்கள் மணலில் ஊன்றும். கைகள் ஒருங்கே இழுக்கும். உழவு இயந்திரம் வலையிழுக்கத் தொடங்கிய பின்னர் பல கரைகளில் அம்பா அருகிவிட்டது. எனினும் அந்த ஓசைக்குப் பழகிய செவி இக்கரையோரத்துப் பிள்ளைகளிடம் இன்னும் இருக்கின்றது. அச்செவியைக் கொண்டே ஆங்கிலத்தையும் கற்கலாம் என்பதை எமக்கு உணர்த்தியவன், எம்மிடம் படித்த மாணவன் ஒருவனே.

அவன் கரைவலைக் குடும்பத்துப் பிள்ளை. கணக்கிலே கெட்டிக்காரன், ஆங்கிலமென்றால் மட்டும் நடுங்குவான். ஒருநாள் வகுப்பிலே, கடன் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை எழுத்தெழுத்தாய்க் கூட்டி ‘டெப்ட்’ என்று வாசித்துவிட்டான். முன்வரிசையில் இருந்த சிலர் சிரித்தனர். நாமும் ‘டெட் என்று சொல்’ எனத் திருத்திவிட்டு, அடுத்தவனை வாசிக்கச் சொன்னோம். மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த இரு நாட்களும் வரவில்லை.

தேடிச் சென்றபோது, தகப்பனாரோடு வாடியில் அமர்ந்து வலையின் கிழிசலைச் சரிசெய்துகொண்டிருந்தான். “சேர், எழுத்தைப் பார்த்தால் ஒன்று, வாயால் சொன்னால் வேறொன்று. அந்தப் பாஷை எனக்குச் சரிவராது. நான் அப்பாவோடு தொழிலுக்குப் போகிறேன்” என்றான். தகப்பனார் ஒன்றும் பேசவில்லை.

அவன் மடியிற் கிடந்ததைச் சுட்டி, “இதற்கு ஆங்கிலத்தில் என்ன?” என்றோம்.

“நெட்.”

“அது நனைந்திருந்தால்?”

“வெட்.”

“அதே ஓசையில் இன்னுமொரு சொல் உண்டு. அன்று நீ தடுமாறிய சொல்தான்.”

சற்றே யோசித்து, “டெட், கடன்” என்றான். பிறகு முகம் மலர்ந்து, “வலையும் கடனும் எங்கள் வீட்டிலும் சோடிதான், சேர்” என்றான். அதுவரை மௌனமாயிருந்த தகப்பனாரும் சிரித்துவிட்டார். பிள்ளை மறுநாள் பாடசாலைக்கு வந்தான். அன்றுதொட்டு நாமும் கற்பிக்கும் முறையை மாற்றிக்கொண்டோம்.

தமிழ்ச் செய்யுளிலே ஓசை ஒன்றுதல் பலவகைப்படும். முதலெழுத்து ஒன்றிவருவது மோனை. முதலெழுத்து அளவொத்து நிற்க, இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது எதுகை. இறுதி ஒன்றிவருவது இயைபு. ஆங்கிலத்தில் ‘றைம்’ எனப்படுவது நமது இயைபுக்கு நெருங்கிய உறவு. ஒரு சொல்லில் அழுத்தம் பெறும் கடைசி உயிரோசையும் அதன் பின்வரும் ஓசைகள் யாவும் ஒன்றாக இருக்க, அவ்வுயிருக்கு முன்னுள்ள மெய்யோசை மட்டும் மாறுவதே அதன் இலக்கணம். இங்கே கவனிக்கவேண்டியது யாதெனில், ஒன்றவேண்டியது ஓசையே, எழுத்தன்று.

அம்மாணவனை மயக்கிய சொல்லையே எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அச்சொல்லில் ‘பீ’ என்னும் எழுத்தே கிடையாது. பிற்காலத்துப் பண்டிதர்கள் அதன் இலத்தீன் மூலத்தை நினைந்து அவ்வெழுத்தை இடையிலே புகுத்தினர். பண்டிதரின் பேனா ஏற்றுக்கொண்டதை மக்களின் வாய் ஏற்கவில்லை. ஆதலால் எழுத்தெழுத்தாய் வாசித்த பிள்ளை ஏமாந்ததில் வியப்பென்ன?

இவ்வாறான பொறிகள் ஆங்கிலத்திற் பல உண்டு. ஓ, யூ, ஜீ, எச் என்னும் 4 எழுத்துகளும் ஒரே வரிசையில் வரும் சொற்களைப் பாருங்கள். இருமல் எனப் பொருள்படும் ‘கொஃப்’, அப்பால் என்னும் ‘ஒஃப்’ உடன் சேரும். கடினமானது என்னும் ‘டஃப்’, பொருள் என்னும் ‘ஸ்டஃப்’ உடன் சேரும். ஆயினும் என்னும் ‘தோ’, போ என்னும் ‘கோ’ உடன் சேரும். ஊடாக என்னும் ‘த்ரூ’, நீலம் என்னும் ‘புளூ’ உடன் சேரும். மரக்கிளையைக் குறிக்கும் ‘பௌ’, பசுவாகிய ‘கௌ’ உடன் சேரும். எழுத்தை நம்பினால் ஐந்தும் ஒரே குடும்பம். செவியை நம்பினால் ஐந்தும் ஐந்து வீடு. அரிய சொல் ஒவ்வொன்றையும் அதன் ஓசையுடைய எளிய சொல்லோடு சோடி சேர்த்துவிட்டால், பிள்ளை இரண்டையும் மறவாது.

எழுத்தும் ஓசையும் இவ்வாறு பிரிந்ததேன்? வில்லியம் கக்ஸ்ரன் என்பார் 1476ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் முதல் அச்சகத்தை நிறுவினார். அச்சு வந்தபின் எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்துபோயிற்று. ஆனால், ஏறத்தாழ 1400 முதல் 1700 வரையிலே ஆங்கிலத்தின் நெட்டுயிர் ஓசைகள் பெரிதும் மாறிக்கொண்டிருந்தன. பழைய உச்சரிப்புக்குத் தைத்த சட்டையையே புதிய உச்சரிப்பு இன்றும் அணிந்திருக்கின்றது எனலாம்.

இதற்கு ஒரு சான்று நம் அடுக்களையிலேயே உண்டு. இன்று ‘டீ’ எனப்படும் சொல்லை அலெக்சாந்தர் போப் என்னும் கவிஞர் (1688–1744) காலத்தில் ‘டே’ என்றும் உச்சரித்தனர். கீழ்ப்படி என்னும் ‘ஒபே’ உடன் அவர் அதனை இயைபாக அமைத்துள்ளார். ஆங்கிலேயர் கைவிட்ட அவ்வோசைக்கு இனமான ‘தே’, அதே சீன மூலத்தின் வழிவந்து, நாம் நாள்தோறும் பருகும் தேத்தண்ணீரில் வாழ்கின்றது!

நம் மொழிகள் ஆங்கிலத்துக்குக் கொடுத்த சொற்களும் அங்கே புதிய சோடிகளைத் தேடிக்கொண்டுள்ளன. கட்டுமரம் ‘கற்றமரான்’ ஆகி, மனிதனாகிய ‘மான்’ உடன் கைகோத்தது. சுருட்டு ‘ஷெரூட்’ ஆகி, பழமாகிய ‘ஃப்ரூட்’ உடன் சேர்ந்தது. கறி ‘கரி’ ஆகி, அவசரமாகிய ‘ஹரி’ உடனும் கவலையாகிய ‘வரி’ உடனும் கூடிற்று; சமையலறைத் தாய்மார் இம்மூன்றின் உறவையும் நன்கறிவர். நம் தென்னந்தும்பைக் குறிக்கும் ‘கொயர்’ என்பதோ கயிற்றுக்கு இனமான சொல். பாடகர் குழுவைக் குறிக்கும் ‘குவயர்’ அதனினும் ஓரெழுத்தே கூடியது. கண்ணுக்கு உடன்பிறப்புகள், செவிக்கு அந்நியர்.

இக்கடற்கரைக்கு ஆங்கிலம் இன்று நேற்று வந்த விருந்தாளியன்று. கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கையின் ஊர்களைப் பற்றிய ‘கசற்றியர்’ என்னும் நூலையும், 1859இல் தமிழ்ப் புலவர் வரலாறு கூறும் ‘தமிழ் புளூராக்’ என்னும் நூலையும் ஆங்கிலத்திலேயே எழுதினார். இம்மணலிற் பிறந்த நாவுக்கு அம்மொழி எட்டாதது என எவரும் எண்ணவேண்டுவதில்லை.

“எமக்கே ஆங்கிலம் தெரியாது; பிள்ளைக்கு எப்படி உதவுவது?” எனத் தாய்மார் கேட்கலாம். இங்கேதான் செவியின் அருமை விளங்குகின்றது. இரண்டு சொற்களின் முடிவு ஒன்றா, வேறா என்று சொல்வதற்குப் பட்டம் தேவையில்லை. பிள்ளை பாடசாலையில் கேட்டுவந்த சொற்களை உரக்கச் சொல்லட்டும். தாய் கேட்டு, சேர்கின்றதா என்று சொல்லட்டும். பிறகு பிள்ளையே ஒவ்வொன்றுக்கும் தமிழில் அர்த்தம் கூறட்டும். உப்பாகிய ‘சோல்ட்’, பஸ் நிற்கும் ‘ஹோல்ட்’, பிழையாகிய ‘ஃபோல்ட்’ எனப் புத்தளத்து உப்பளத்திலிருந்தே தொடங்கலாம். அடுக்களை வேலையோடு 10 நிமிடம் போதும்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாலு, ஐந்து வயதுக் குழந்தைகள் சுமார் 400 பேரை ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களான லினெட் பிராட்லி, பீற்றர் பிறயன்ட் ஆகியோர் ஆராய்ந்து, 1983இல் முடிவை வெளியிட்டனர். ஓசை ஒன்றும் சொற்களை இனங்காண்பதில் வல்ல குழந்தைகளே பின்னர் வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் முன்னின்றனர்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதி மனனம் செய்தல் ஆகாது. கடனும் ‘டெட்’, இறந்துபோனதும் ‘டெட்’. முன்னது வல்லென்று முடியும். பின்னது மென்மையாக முடியும். அவ்வேறுபாட்டைக் காட்ட நம் எழுத்தில் வழியில்லை. ஆசிரியர் வாயாற் கேட்டே அறிதல் வேண்டும். ஆனால் குறில் நெடில் வேற்றுமை நமக்குப் பிறவிச் சொத்து. கல்லையும் காலையும் பிரித்தறியும் பிள்ளை, கப்பலாகிய ‘ஷிப்’ என்பதையும் செம்மறியாடாகிய ‘ஷீப்’ என்பதையும் எளிதிற் பிரித்தறியும்.

அம்மாணவன் பின்னர் ஆங்கிலத்தில் முதலிடம் பெற்றான் என்று கூற நாம் முற்படவில்லை. சித்தியடைந்தான், வாசிக்க அஞ்சாதவனானான், அதுவே போதும். அவனைப் பற்றி எண்ணும்போதெல்லாம், அன்று சிரித்த பிள்ளைகளைக் காட்டிலும், ஒரு சொல்லைத் திருத்திவிட்டு அடுத்தவனிடம் சென்ற எம்மையே நாம் நொந்துகொள்கின்றோம். பிழையாகச் சொன்ன பிள்ளைக்குச் சரியான சொல்லைக் கொடுத்தால் மட்டும் போதாது. அச்சொல்லைப் பற்றிக்கொள்ள இன்னொரு சொல்லையும் துணைக்குக் கொடுத்தல் வேண்டும். கரைவலையைத் தனியொருவர் இழுத்துக் கரைசேர்த்ததுண்டோ?