சாக்லேட் உருண்டையும் தாழ்சர்க்கரையும்

200 கிராம் கறுப்பு சாக்லேட்டைத் துருவி, கொதிக்கத் தொடங்கிய 100 மி.லி. கிரீமை ஊற்றிக் கலக்கி, வறுத்துப் பொடித்த ஹேசல்நட் சேர்த்துக் குளிரவைத்து உருட்டினால் போதும், ஓவன் வேண்டியதில்லை. நீரிழிவு உள்ளவரும் விருந்துநாளில் உணவோடு சிறிய உருண்டை ஒன்று உண்ணலாம்.

ஆனால், இன்சுலின் செலுத்திக்கொள்பவருக்கு இரத்தச் சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழ் இறங்கி, வியர்வையும் நடுக்கமும் தோன்றும்போது இதனை ஊட்டாதீர்கள். இனிப்புத்தானே என்று பரிவுடன் ஊட்டுவோர் பலர். சாக்லேட், கிரீம், கொட்டை ஆகியவற்றின் கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அவ்வேளையில் 15 கிராம் குளுக்கோஸை நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துச் சோதித்து, இன்னும் குறைவாயிருப்பின் மீண்டும் கொடுங்கள். நினைவு தடுமாறினால் வாயில் எதுவும் புகட்டாமல் உடனே 108-ஐ அழையுங்கள்.