கற்காரை முற்றத் தளம்

கற்காரை முற்றத் தளம் என்பது வீட்டு வாசல், வண்டிப்பாதை, பின்முற்றம் ஆகிய இடங்களில் சிமெண்ட், மணல், கருங்கல் சல்லி, நீர் கலந்து இடப்படும் தளம் ஆகும். சாணம் மெழுகிய மண் வாசல்களுக்கு மாற்றாக, திருச்சிராப்பள்ளி மாவட்டம் உப்பிலியபுரம் போன்ற ஊர்களிலும் இது இடப்படுகிறது.

அமைக்கும் முறை

மேல்மண் நீக்கப்பட்டு, அடிமண் நீர் தெளித்துத் திம்சுக்கட்டையால் இறுக்கப்படும். சிற்றுந்து ஏறும் தளம் குறைந்தது 100 மில்லிமீட்டர் தடிப்புடன் இருத்தல் நன்று. கலவை விகிதம் பொதுவாக 1:1½:3. மழைநீர் சுவரோரம் தேங்காதிருக்க, மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. வரை வெளிப்புறச் சாய்வு தரப்படும். கற்காரை இறுகும்போது சுருங்குவதால், ஏறத்தாழ 3 மீட்டருக்கு ஒன்றாக இணைப்புக் கோடுகள் வெட்டப்படுகின்றன. வெடிப்பு எங்கே வரவேண்டும் என்பதை இக்கோடுகளே தீர்மானிக்கின்றன.

நீராற்றுதல்

கற்காரை காய்வதால் கெட்டியாவதில்லை. சிமெண்ட் நீருடன் வினைபுரிவதாலேயே வலுப்பெறுகிறது. இதை உணராது மறுநாளே வெயிலில் விடப்படும் தளம், கலவை எவ்வளவு நன்றாக இருந்தாலும், மேற்பரப்பில் புழுதியாக உதிரும். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456:2000 சாதாரண சிமெண்டுக்கு 7 நாட்களும், வெப்பமும் வறட்சியும் மிக்க காலநிலையில் 10 நாட்களும் குறைந்தபட்ச அளவாகக் கூறுகிறது. கொத்தனார்கள் தளத்தின்மேல் பாத்தி கட்டி நீர் நிறுத்துவர். ஈரச் சாக்கும் உதவும்.

நிலத்தடி நீர்

தளம் மூடிய நிலத்தில் மழைநீர் இறங்காது. தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். எனவே முற்றம் முழுவதையும் மூடாமல், சக்கரம் படும் இரு பட்டைகளை மட்டும் கற்காரையாக இடுவதும், வழிந்தோடும் நீரைக் கசிவுக் குழிக்குத் திருப்புவதும் உண்டு.