திரையல்ல, மாணவரே மையம்

கல்லூரிகளில் கரும்பலகையின் இடத்தைத் திறன்பலகை பிடித்து வருகிறது. கருவி மாறியதாலேயே கற்பித்தல் மாறிவிடாது. கரும்பலகையைப் பார்த்து எழுதிய மாணவர் இன்று திரையைப் பார்த்து எழுதுகிறார் என்றால், அவர் பழைய இடத்திலேயே இருக்கிறார்.

ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991-இல் ஒரு மாற்றுமுறையைக் கையாளத் தொடங்கினார். சிறிது நேரம் விளக்கியபின் ஆசிரியர் ஒரு வினா எழுப்புவார். மாணவர்கள் தனித்தனியே விடையளிப்பர்; பின்னர் அருகிலிருப்பவருடன் விவாதித்து மீண்டும் விடையளிப்பர்.

பொருளியல் வகுப்பில் நானும் இதனைப் பின்பற்றினேன். 'முகூர்த்த நாளில் மல்லிகை விலை ஏறுகிறது, விற்பனையும் கூடுகிறது. அப்படியானால் தேவை விதி பொய்யா?' என்று கேட்டேன். பெரும்பாலோர் 'பொய்' என்றே கை உயர்த்தினர். விவாதத்தின்போது, அதுவரை வாய் திறவாத மாணவி ஒருவர், 'அன்று வாங்க வருவோரே அதிகமாயிற்றே' என்றார். விலையால் தேவை கூடவில்லை, தேவைக்கோடே வலப்புறம் நகர்ந்தது என்பதை நான் சொல்லுமுன்பே வகுப்பு உணர்ந்துகொண்டது.

தொழில்நுட்பம் உதவ வேண்டிய இடம் இதுவே. கைப்பேசி வழியே விடை பெற்றால், கை உயர்த்தக் கூசுவோரும் பங்கேற்பர். எத்தனை பேருக்குப் புரியவில்லை என்பதும் உடனே தெரியும். பாடக்குறிப்பையும் காணொலியையும் முன்னரே வழங்கிவிட்டால், குறிப்பெடுக்கச் செலவாகும் நேரம் விவாதத்துக்குக் கிடைக்கும்.

வகுப்பு நேரம் பற்றாக்குறையான வளம். திரை வாங்க நிதி ஒதுக்கும் கல்வி நிறுவனங்கள், மாணவர் பேசுவதற்குப் பாடவேளையில் நேரமும் ஒதுக்க வேண்டும்.