தாலி கட்டும் நேரத்தில் ஏன் வெட்டுகிறது?

பாடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பழைய கல்யாண கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பென் டிரைவில் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று அந்தப் பக்கத்து ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நடத்திய கல்யாணங்கள் இப்போது பரணிலிருந்து இறங்கி அவர் கடைக்கு வருகின்றன. திருவலிதாயம் கோயிலில் தாலி, சி.டி.எச். ரோட்டு மண்டபம் ஒன்றில் சாப்பாடு, மூன்று மணி நேர வி.எச்.எஸ். பிள்ளைகளுக்கு முழுதாகப் பார்க்கப் பொறுமை இல்லை. ஷாட் ஷாட்டாகப் பிரித்துத் தாருங்கள், வேண்டியதை எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்களாம். அதற்காக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருளை ஓட்டுகிறார். நலங்கு ஒழுங்காகப் பிரிகிறது, சீர்வரிசை ஒழுங்காகப் பிரிகிறது. “தாலி கட்டும் நேரம் வந்தால் மட்டும் கொத்துக்கறி போட்டுவிடுகிறது. ஏன்? ஏ.ஐ. வாங்கினால் சரியாகுமா?” என்று கேட்கிறார்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சுருக்கம்: பர்ஸை உள்ளே வையுங்கள். முதல் கேள்விதான் சுவாரசியம்.

அவர் சொல்லும் மென்பொருள் பைசீன்டிடெக்ட். பைத்தான் மொழியில் எழுதப்பட்ட திறமூல நிரல். காசு கிடையாது, உள்ளே என்ன நடக்கிறது என்பதை யாரும் திறந்து படிக்கலாம். 2024 ஜூனில் வந்த 0.6.4 பதிப்பில் இரண்டு புதிய கண்டறியும் முறைகளையும், நம் வாசகருக்கென்றே செய்ததுபோல ஒரு ஃபிளாஷ் வடிகட்டியையும் சேர்த்தார்கள். பல வருஷமாகப் புழக்கத்தில் இருந்த நிரல் அப்போதும் ஒன்றைத் தொடவில்லை, பூஜ்யம் புள்ளி ஆறிலேயே நின்றது. மாதம் ஒரு முறை ‘புரட்சி’ செய்யும் நிறுவனங்களுக்கு நடுவில் இந்தக் கூச்சம் எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்த நிரல் செய்யும் வேலை கழித்தல். ஒரு ஃபிரேமை எடுத்துச் சில நூறு புள்ளி அகலமுள்ள சின்னப் படமாகச் சுருக்குகிறது. ஒவ்வொரு புள்ளியையும் நிறச் சாயல், செறிவு, வெளிச்சம் என்று மூன்று எண்களாக மாற்றுகிறது. அடுத்த ஃபிரேமையும் அப்படியே மாற்றி, இதிலிருந்து அதைக் கழிக்கிறது. எல்லாப் புள்ளிகளின் வித்தியாசத்துக்கும் சராசரி எடுத்தால் ஒரு மதிப்பெண். இந்த முறையின் எல்லையை நீங்கள் மாற்றாமல் விட்டால், அந்த மதிப்பெண் 27-ஐத் தொட்டதும் ‘இங்கே கட்’ என்று எழுதிவைக்கும். மாப்பிள்ளை, பெண், ஓமகுண்டம் எதுவும் அதற்குத் தெரியாது.

கண்ணாடியை மறந்துவிட்டு வந்த பெரியப்பாவைப் பந்தி விசாரிக்க நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அவருக்கு முகம் தெரியாது, எந்த இடத்தில் என்ன நிறம் என்பது மட்டும் தெரியும். ஒரு பந்தி எழுந்து அடுத்தது உட்கார்ந்தால் எல்லா இடத்திலும் நிறம் மாறும். ‘புதுப் பந்தி, இலை போடு’ என்று குரல் கொடுப்பார். ஒருவர் மட்டும் குழந்தைக்குக் கை கழுவிவிட எழுந்தால் பேசாமல் இருப்பார். இதுவரை சரி. எல்லோரும் ஒரு இலை தள்ளி உட்கார்ந்தால்? ஆட்கள் அவர்களே, ஆனால் இடத்துக்கு இடம் நிறம் மாறிவிட்டது, பெரியப்பா குழம்புவார். கேமராவை வேகமாகத் திருப்பும்போது நடப்பது இது. திடீரென்று கரண்ட் போய் வந்தால்? போனபோது ஒரு முறை ‘புதுப் பந்தி’, வந்தபோது இன்னொரு முறை ‘புதுப் பந்தி’. ரசத்துக்குக் குழி வெட்டிக் காத்திருந்தவர்கள் இலையில் மறுபடி உப்பும் ஊறுகாயும் விழும். முடித்தவர் ஒவ்வொருவராக எழ, பின்னால் நாற்காலியைப் பிடித்து நின்றவர் ஒவ்வொருவராக உட்கார்ந்தால், முதல் பந்தி எப்போது முடிந்தது? பெரியப்பா விடிய விடிய வாயே திறக்க மாட்டார். சமையல்காரர் மட்டும் கணக்கு இடிக்கிறது என்று கத்திக்கொண்டிருப்பார்.

ஃபிளாஷ் என்பது கரண்ட் போய் வரும் கதைதான், தலைகீழாக. நம் வீடியோவில் நொடிக்கு 25 ஃபிரேம். ஃபிளாஷ் எரிவது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் என்பதால் ஒரு ஃபிரேம் மட்டும் வெளுத்துப்போகும். முன் ஃபிரேமுக்கும் வெளுத்த ஃபிரேமுக்கும் பெரிய வித்தியாசம். வெளுத்த ஃபிரேமுக்கும் பின் ஃபிரேமுக்கும் அதே வித்தியாசம். ஆக, ஒரு ஃபிளாஷுக்கு இரண்டு கட். கெட்டிமேளம் கேட்டதும் எத்தனை கேமரா மின்னும் என்று கல்யாணத்துக்குப் போன யாருக்கும் தெரியும்.

இதோடு முகூர்த்தத்துக்கென்றே இன்னொரு சிக்கல் உண்டு. நிரலைத் திறந்து படித்ததால் கிடைத்தது. நிறச் சாயல் என்பது ஒரு வட்டம்: சிவப்பில் தொடங்கி மஞ்சள், பச்சை, நீலம் என்று சுற்றிச் சிவப்புக்கே வந்து சேரும். கம்ப்யூட்டருக்காக அந்த வட்டத்தை நீட்டி 0 முதல் 179 வரை எண் கொடுத்திருக்கிறார்கள். 0-வும் சிவப்பு, 179-உம் சிவப்பு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான், கழித்தால் வருவதோ 179. அரக்குக் கூறைப்புடவை ஃபிரேமை அடைத்துக்கொண்டு நிற்கும்போது, வி.எச்.எஸ். டேப்பின் இரைச்சலில் அந்தச் சிவப்பு 178-க்கும் 1-க்கும் இடையே தாவிக்கொண்டே இருக்கும். ஒன்றுமே நடக்காமல் மதிப்பெண் ஏறும். வெள்ளை வேட்டியின் கதை வேறு: வெள்ளைக்குச் சாயல் என்று ஒன்று கிடையாது. ஆனால் கணக்குக்கு ஏதோ ஓர் எண் வேண்டும், அந்த எண் ஃபிரேமுக்கு ஃபிரேம் தன்னிஷ்டத்துக்கு மாறும். சாயலைக் கழற்றிவிட்டு வெளிச்சத்தை மட்டும் பார்க்கச் சொல்ல ஓர் அமைப்பு இருக்கிறது. பட்டுப்புடவை வேலைக்கு அதை முயன்று பார்க்கலாம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். இந்த நிரலில் இன்னொரு முறை இருக்கிறது. அது மதிப்பெண்ணை அப்படியே நம்பாமல் அக்கம்பக்கத்தோடு ஒப்பிடும். ஒரு ஃபிரேமின் மதிப்பெண்ணை, அதற்கு முன் இரண்டு, பின் இரண்டு, ஆக நான்கு ஃபிரேம்களின் சராசரியால் வகுக்கும். ஈவு 3-ஐத் தொட்டு, மதிப்பெண்ணும் ஓரளவு பெரிதாக இருந்தால்தான் கட்.

நிஜமான ஒரு கட்டை எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் மதிப்பெண் 3, கட் விழும் இடத்தில் 60. வகுத்தால் 20. சந்தேகமே இல்லை. இப்போது ஒரே ஒரு ஃபிளாஷ்: 3, 3, 60, 60, 3, 3. முதல் 60-க்கு அக்கம்பக்கம் 3, 3, 60, 3, சராசரி 17.25, வகுத்தால் ஏறக்குறைய 3.5. மூன்றைத் தாண்டிவிட்டது, ஏமாந்துபோகும். ஆனால் இரண்டு போட்டோகிராபர்கள் அடுத்தடுத்து மின்னினால் 60, 60, 60, 60 என்று வரிசையாக நிற்கும். முதல் 60-க்கு அக்கம்பக்கச் சராசரி 31.5. வகுத்தால் இரண்டுகூட இல்லை. கட் இல்லை! அதாவது ஒரு ஃபிளாஷ் ஏமாற்றும், ஃபிளாஷ் மழை ஏமாற்றாது. இந்த முறையில் தாலி கட்டும் ஷாட் பெரும்பாலும் தப்பிவிடும். ரிசப்ஷனில் அலுத்துப்போன போட்டோகிராபர் ஓர் ஓரத்தில் ஒரு தடவை தட்டுகிறாரே, அங்கேதான் விழும் வெட்டு.

எல்லையை 3-லிருந்து 4 ஆக்கிவிட்டால்? மதிப்பெண்களைக் கோடாக வரைந்தால், தனி ஃபிளாஷில் இரண்டு சம உயரக் கொம்புகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்றின் சராசரியில் மற்றதன் கால்பங்கு எப்போதும் உட்கார்ந்திருக்கும். எனவே ஈவு நான்கைத் தொடவே முடியாது. ஃபிளாஷ் எவ்வளவு பெரிதானாலும் முடியாது. பள்ளிக்கூடக் கணக்கு போட்ட பூட்டு இது. ஆனால் இந்தப் பூட்டு நிஜக் கட்டையும் சில நேரம் வெளியே நிறுத்திவிடும். மாப்பிள்ளை அழைப்பில், கூட்டத்துக்குள் இடிபட்டுக்கொண்டே எடுத்த வீடியோவில் சுற்றிலும் எப்போதும் 20 மதிப்பெண் இருக்கும். அங்கே 60-க்கு விழும் கட்டின் ஈவு வெறும் 3. எல்லை நான்கென்றால் தெரியாது. ஃபிளாஷுக்குப் போட்ட வைத்தியம் ஊர்வலத்துக்கு ஆகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேலே சொன்னது ஃபிரேம் முழுவதும் ஒரே நேரத்தில் வெளுக்கும் பழைய கேமராக்களின் கணக்கு. இன்றைய கேமராக்களும் போன்களும் பெரும்பாலும் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பவை. ஃபிளாஷ் ஒரு ஃபிரேமின் கீழ்ப்பாதியிலும் அடுத்ததன் மேல்பாதியிலும் வெள்ளைப் பட்டையாகப் பதியும். இரண்டு கொம்பு மூன்றாகும். கணக்கு கொஞ்சம் மாறும், கதை மாறாது.

0.6.4-இன் வடிகட்டி இவ்வளவு நுணுக்கம் பார்ப்பதில்லை. ஒரு ஷாட்டுக்குக் குறைந்தபட்சம் இத்தனை ஃபிரேம் என்று ஒரு நீளம் உண்டு. வழக்கமாக 15, அதாவது நமக்கு 0.6 நொடி. அதற்குள் சரசரவென்று விழும் கட்டுகளைத் தனித்தனியாக எண்ணாமல் ஒன்றாகச் சேர்த்துவிடும். ஃபிளாஷ் என்று அது கண்டுபிடிப்பதில்லை, அவசரமாக வருவதை நம்புவதில்லை, அவ்வளவே. அதே பதிப்பில் வந்த இரண்டு புதிய முறைகளில் ஒன்று ஃபிரேமின் வெளிச்சப் பரவலை 256 பெட்டிகளில் எண்ணி ஒப்பிடுகிறது. எந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்லை என்பதால் கேமரா நகர்ந்தால் பதறாது. இன்னொன்று படத்தின் முரட்டு உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ‘நடு மதிப்பைவிட அதிகமா, இல்லையா’ என்ற 256 ஆம்-இல்லைகளாகச் சுருக்கி, எத்தனை பதில் மாறியது என்று எண்ணுகிறது.

சரித்திரம் வேண்டுமென்போருக்குக் கொஞ்சம். 1993-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஜாங், கன்கன்ஹள்ளி, ஸ்மோலியார் மூவரும் எழுதிய கட்டுரையில் இந்த வித்தையின் அடிப்படையெல்லாம் இருக்கிறது. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் நடத்திய டிரெக்விட் போட்டிகளில் 2001 முதல் 2007 வரை இதற்கென்றே ஒரு பிரிவு இருந்தது, அதன்பின் நிறுத்திவிட்டார்கள். போதும்.

அந்த 1993 கட்டுரையில் ஒரு யோசனை மட்டும் இன்றைக்கும் வேண்டியிருக்கிறது. மெல்லக் கரைந்து மாறும் ஷாட்டுகளுக்கு, அதாவது ஒவ்வொருவராக எழுந்து உட்காரும் பந்திக்கு, இரண்டு எல்லைகள் வைத்தார்கள். மாற்றம் சின்ன எல்லையைத் தாண்டியதும் சந்தேகக் கணக்கு தொடங்கும். தொடங்கிய ஃபிரேமிலிருந்து சேர்ந்த மொத்த வித்தியாசம் பெரிய எல்லையைத் தொட்டால்தான் தீர்ப்பு. நம் நிரல் கருப்பில் மூழ்கி எழும் மாற்றங்களைத் தனி முறை வைத்துப் பிடிக்கிறதே தவிர, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கரைவதில் தடுமாறும். 2020-இல் பிராகா சார்லஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த டிரான்ஸ்நெட் வி2 என்ற நரம்பு வலைப்பின்னல் இதில் தேவலை. அதுவும் இலவசம்தான். அது பார்க்கும் ஃபிரேம் அகலத்தில் 48 புள்ளி, உயரத்தில் 27, நகத்தளவு படம். ‘உங்கள் கல்யாணத்தின் உணர்ச்சிகளை எங்கள் ஏ.ஐ. புரிந்துகொள்கிறது’ என்று மாதச் சந்தா கேட்பவர்கள் உள்ளே எதை ஓட்டுகிறார்கள் என்று சொல்வதில்லை. கேட்டுப் பாருங்கள்.

ஒரே ஷாட் என்ற பெருமையையும் இப்படிச் சோதிக்கலாமா? தமிழில் வெட்டே இல்லாத படம் என்று கின்னஸில் ஏறிய ‘அகடம்’ இருக்கிறது, 2022-இல் பார்த்திபனின் ‘இரவின் நிழல்’ இருக்கிறது. இந்த நிரலை ஓட்டிப் பார்த்து ஒரே ஷாட்டுதானா என்று நிரூபிக்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். முடியாது. பொய் என்று காட்ட அது உதவலாம், உண்மை என்று காட்ட உதவாது. 1948-இல் ஹிட்ச்காக் ‘ரோப்’ படத்தில் பல கட்டுகளை நடிகரின் கோட்டு முதுகில் ஒளித்தார்: கேமரா இருண்ட முதுகை ஒட்டி நிற்கும், ரீல் மாறும், அதே முதுகிலிருந்து நகரும். கருப்பிலிருந்து கருப்பைக் கழித்தால் பூஜ்யம்.

இனி பாடி வாசகருக்கு. ஃபிரேம்வாரி மதிப்பெண்களை ஒரு கோப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள், நிரல் தரும். எக்செலில் திறந்து கோடு போட்டுப் பார்த்தால் தனிக்கொம்பு எல்லாம் கட், ஒட்டி நிற்கும் இரட்டைக்கொம்பு எல்லாம் ஃபிளாஷ் என்று கண்ணுக்கே தெரியும். முகூர்த்தத்துக்கும் ரிசப்ஷனுக்கும் ஒப்பிடும் முறையை எல்லை 4 வைத்து ஓட்டுங்கள். மாப்பிள்ளை அழைப்பைத் தனியாக எடுத்து, எல்லையை 3-க்கோ இன்னும் கீழேயோ இறக்கி ஓட்டுங்கள். வீடியோவில் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்று குறிப்பிட வழி இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்து மிக்ஸிங்? இதயத்துக்குள் பெண் முகம், ரோஜா விரிந்து மாப்பிள்ளை முகம், பக்கம் புரள்வதுபோல மண்டப வாசல், பின்னணியில் தாஜ்மகால். அங்கே ஃபிரேமின் ஒரு மூலையில் ஒரு ஷாட், நடுவில் இன்னொன்று. எது எங்கே முடிகிறது என்று மிக்ஸிங் போட்டவரைக் கேட்டாலும் சொல்ல மாட்டார். அந்தப் பகுதியைக் கையால்தான் பிரிக்க வேண்டும். கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள்.