தேனீக் கொட்டு எல்லோர்க்கும் ஒரே தன்மையதன்று

வீட்டுத் தோட்டத்தில் இரண்டொரு தேனீப் பெட்டிகளை வைத்திருக்கும் கமக்காரர் தேனை மாத்திரம் பெறுவதில்லை. பூசினி, பாகல், புடோல், பீர்க்கு முதலிய கொடிகளிற் கூடுதலான காயையும் பெறுகின்றார். இப்பயிர்களில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு ஆதலின், மகரந்தத்தைச் சுமந்து செல்லத் தேனீ வேண்டும். இருந்தும், கொட்டுக்கு அஞ்சிப் பலர் தேனீ வளர்க்கத் தயங்குகின்றனர். வேறு சிலரோ, “எனக்கு அது பழகிப்போயிற்று” என்று கூறி, எவ்விதக் காப்புமின்றிப் பெட்டியைத் திறக்கின்றனர்.

இவ்விரு சாராரும் அறிய வேண்டியது ஒன்றே. தேனீயின் கொட்டு எல்லோரையும் ஒரே விதமாகத் தாக்குவதில்லை. ஒருவரையே எக்காலத்தும் ஒரே விதமாகத் தாக்குவதுமில்லை. ஆகவே, வீணான அச்சமும் வேண்டாம். வீணான துணிவும் வேண்டாம்.

கொட்டும்போது நிகழ்வது என்ன?

கொட்டுவது வேலைத் தேனீயே. ஆண் தேனீக்குக் கொடுக்கு இல்லை. வேலைத் தேனீயின் கொடுக்கிலே பின்னோக்கிய சிறு முட்கள் உள்ளன. அது மனிதனின் தோலிற் குத்தியதும், கொடுக்கு நஞ்சுப்பையோடு அறுந்து தோலிலேயே தங்கிவிடும், தேனீயும் இறந்துபோகும். அறுந்த பின்னரும் அப்பை தானாகவே சுருங்கி நஞ்சைச் செலுத்திக்கொண்டிருக்கும். நஞ்சின் பெரும்பகுதி அரை நிமிடத்துக்குள் உடலிற் சேர்ந்துவிடுகின்றது. கொட்டிய இடத்தில் ஒருவித மணமும் பரவும். வாழைப்பழ மணத்தை ஒத்த அம்மணம், “இங்கே கொட்டுக” என்று மற்றத் தேனீக்களுக்கு இடும் கட்டளை போன்றது.

குளவியின் கொடுக்கு பெரும்பாலும் தோலில் தங்குவதில்லை; அது பல முறை கொட்ட வல்லது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிற் “குளவி” எனச் சொல்லப்படுவதிற் பல உண்மையில் மரக்கிளைகளிலும் பாறைகளிலும் பெரிய வதைகளைக் கட்டும் மலைத்தேனீயே. உங்களைக் கொட்டியது எது என்று அறிந்திருப்பின் வைத்தியருக்கு அது உதவும்.

நால்வகை விளைவுகள்

முதலாவது, சாதாரண விளைவு. கடுப்பும், சிவப்பும், சிறு வீக்கமும் தோன்றிச் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ அடங்கிவிடும். பெரும்பாலோர்க்கு நேர்வது இதுவே.

இரண்டாவது, பெருவீக்கம். கொட்டிய இடத்தைச் சுற்றி 4 அங்குலத்துக்கு மேலாக வீங்கும். விரலிற் கொட்டினால் முழங்கை வரையும் வீக்கம் ஏறலாம். இரண்டாம் நாளில் இது உச்சமடைந்து, ஒரு வாரம் வரை நீடிக்கலாம். பார்ப்பதற்கு அச்சந் தந்தாலும், பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தன்று. சீழ் பிடித்ததென்று எண்ணிவிடவும் வேண்டாம். ஆயினும் வாயினுள்ளோ தொண்டையிலோ கொட்டினால், வீக்கம் மூச்சை அடைக்கக்கூடுமாதலின், உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

மூன்றாவது, உடல் முழுதும் பரவும் ஒவ்வாமை. இதுவே மிகக் கொடியது. இதனைக் கண்டுகொள்ள ஓர் எளிய விதி உண்டு: கொட்டியது ஓரிடம், குறி தோன்றுவது வேறிடம். கையிற் கொட்டியிருக்க, வயிற்றிலும் முதுகிலும் தடிப்பும் அரிப்பும் எழும்; உதடும் நாக்கும் வீங்கும்; குரல் கம்மும்; மூச்சு இழுக்கும்; வாந்தி வரும்; தலை சுற்றி மயக்கம் வரும். இக்குறிகள் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தொடங்கிவிடும். ஒரே ஒரு கொட்டே இதற்குப் போதும். தாமதித்தால் உயிர் போகவும் கூடும்.

நான்காவது, நஞ்சு மிகுவதால் வருவது. கூட்டமாக வந்து கொட்டும்போது, ஒவ்வாமை இல்லாதவரும் நஞ்சின் அளவினாலேயே தாக்கப்படுவர். தசைகள் சிதைந்து, சிறுநீரகம் பழுதடையலாம். சிறுநீர் கருநிறமாக இறங்குவது இதற்கோர் அறிகுறி. 50 கொட்டுகளுக்கு மேற்பட்டால், சுகமாக இருப்பதாகத் தோன்றினாலும் வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். சிறுவர்க்கும் முதியோர்க்கும் இதனிலும் குறைவான கொட்டுகளே ஆபத்தாகலாம்.

“பழகிப்போயிற்று” என்பதன் பொருள்

தேனீ வளர்ப்போர் பலர்க்கு ஆண்டுகள் செல்லச் செல்ல வீக்கம் குறைகின்றது. கடுப்பு மாறுவதில்லை, வீக்கமே குறைகின்றது. அடிக்கடி நஞ்சு சேரும்போது, அதனைத் தாங்கும் எதிர்ப்பொருள்களை உடல் தோற்றுவிப்பதே இதற்குக் காரணம். பிரான்சு நாட்டுத் தேனீ வளர்ப்போரிடையே 1980 களில் நடாத்திய ஆய்வொன்றில், ஆண்டுக்கு 200 க்கு மேற்பட்ட கொட்டுகளை வாங்குவோரைக் காட்டிலும், ஆண்டுக்கு 25 க்குக் குறைவாக வாங்குவோரிடையே ஒவ்வாமை மிகுதியாகக் காணப்பட்டது. பல கொட்டு வாங்குபவரே ஆபத்துக்கு அருகில் இருப்பார் என நாம் நினைப்போம். உண்மையில், எப்போதாவது ஒரு முறை கொட்டு வாங்குபவரே கூடுதலாகக் கவனமெடுக்க வேண்டியவர்.

இத்தாங்கும் சக்தியும் நிலையானதன்று. கொட்டு வாங்காமற் சில மாதங்கள் கழிந்தால் அது குறைந்துவிடுகின்றது. ஆகவே, மழைகாலத்திற் பெட்டியைத் தொடாதிருந்து, பூக்காலத்தில் மீண்டும் திறப்பவர், முதற் சில கொட்டுகள் சென்ற ஆண்டை விடக் கடுமையாய் இருக்கலாம் என எதிர்பார்த்தல் வேண்டும். சிலர்க்கு, பல ஆண்டுகள் ஒன்றும் நேராதிருந்து, பின்னர் திடீரென ஒவ்வாமை தோன்றுவதும் உண்டு. முதன் முறை கொட்டியபோது ஒன்றும் நேரவில்லை என்பதும் காப்பாகாது. ஏனெனில், ஒவ்வாமைக்கு உடலை ஆயத்தஞ் செய்வதே அம்முதற் கொட்டாக இருக்கலாம்.

ஆபத்துக் கூடியோர் யாவர்?

தொழிலைத் தொடங்கி முதற் சில ஆண்டுகளில் உள்ளோர். தொய்வு நோய் உள்ளோர். பெட்டியைத் திறந்தவுடனே தும்மலும், மூக்கிலிருந்து நீர் வடிதலும், கண் அரிப்பும் காண்போர் ஆகியோர் முன்னரே வைத்தியரைக் காண்பது நன்று. உயர் இரத்த அழுத்தத்துக்கோ இருதய நோய்க்கோ மருந்து உட்கொள்வோரும் தாம் தேனீ வளர்ப்பதை வைத்தியரிடம் சொல்லல் வேண்டும். அம்மருந்துகளுட் சில, ஒவ்வாமை நேரும்போது சிகிச்சையைக் கடினமாக்கும்.

வளர்ப்பவரின் மனைவி மக்களையும் மறத்தலாகாது. வளர்ப்பவர் அடிக்கடி கொட்டு வாங்கித் தாங்கும் சக்தி பெறுகின்றார். வீட்டாரோ ஆண்டுக்கு ஒன்றிரண்டு கொட்டு மாத்திரம் வாங்குகின்றனர். பெட்டியின் சொந்தக்காரருக்கு ஒன்றும் ஆகாதிருப்பது, அவர் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது என்பதற்குச் சான்றன்று.

சிலர் தாங்கும் சக்தி பெறுதற்காக வேண்டுமென்றே தேனீயைக் கொண்டு கொட்டுவிக்கின்றனர். ஒவ்வாமை உள்ளவருக்கு இது பேராபத்து. அத்தகையோர்க்குத் தூய்மையாக்கிய நஞ்சை மிகச் சிறிய அளவிலிருந்து படிப்படியாகக் கூட்டி ஊசி மூலம் ஏற்றும் சிகிச்சை உண்டு. முழுத் தேனீயிலிருந்து எடுத்த சாறு பயன் தரவில்லை என்பதும், தூய நஞ்சே பயன் தந்தது என்பதும் 1978 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வினால் தெளிவாயின. எனினும், இச்சிகிச்சை 3 முதல் 5 ஆண்டு வரை வைத்தியரின் கண்காணிப்பிலேயே நடைபெற வேண்டியது, வீட்டிற் செய்யத்தக்கதன்று.

கொட்டினால் உடனே செய்ய வேண்டியவை

கொடுக்கை அந்தக் கணமே அகற்றுக. நகத்தாற் சுரண்டலாம், விரலாற் பிடுங்கலாம். எவ்வாறு எடுப்பது என்பதை விட எவ்வளவு விரைவில் எடுப்பது என்பதே முக்கியம். சுண்ணாம்பையும் வெங்காயத்தையும் தேடி ஓடிக் காலத்தைப் போக்க வேண்டாம். பின்னர் பெட்டியை விட்டு அகன்று, கொட்டிய இடத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, குளிர்நீரில் நனைத்த துணியை வைக்கவும். விரலில் மோதிரம் இருந்தால் வீங்குமுன் கழற்றவும். தனியே நிற்க வேண்டாம். ஒரு மணி நேரமாவது ஒருவர் உடனிருந்து கவனித்தல் நன்று.

மேற்கூறிய மூன்றாம் வகைக் குறிகளில் ஒன்றேனும் தோன்றினால் வீட்டு வைத்தியம் பார்க்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் வண்டியைப் பெறுக. அல்லது கிடைக்கும் வாகனத்தில் அண்மையிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. நோயாளரைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தி வைக்கவும். எழுந்து நடக்க விடலாகாது. மூச்சு முட்டினால் சாய்ந்து உட்கார விடலாம். உயிர் காக்கும் மருந்து அதிரினலின் ஊசியே. அரிப்புக்குக் கொடுக்கும் குளிசை அதற்கு ஈடாகாது. குறிகள் அடங்கிய பின்னும் சில மணி நேரத்தில் அவை திரும்பி வரலாமாதலின், வைத்தியர் விடுவிக்கும் வரை அங்கே தங்குதல் வேண்டும். ஒரு முறை இவ்வாறு நேர்ந்தவர், வைத்தியரின் ஆலோசனையின்றி மீண்டும் பெட்டியருகே செல்லலாகாது.

கொட்டைக் குறைக்கும் வழிகள்

நம் நாட்டுத் தேனீ இயல்பில் அமைதியானது. வெயிலுள்ள, காற்றுக் குறைந்த வேளையிற் பெட்டியைத் திறக்கவும். மழைக் குணமுள்ள நாளில் திறக்க வேண்டாம். முகவலையும் வெளிர்நிற உடையும் அணிக. சிறிதளவு புகை ஊதுக. புகை கொட்டு மணத்தை மறைக்கும். சட்டங்களை மெதுவாக உயர்த்துக. ஒரு தேனீயையும் நசுக்க வேண்டாம். பெட்டியைக் கிணற்றடியிலும், நடைபாதையிலும், மாடு கட்டும் இடத்திலும் வைக்க வேண்டாம். வேலை முடிந்ததும் உடையை வீட்டுக்கு வெளியே உதறி, வேறாகத் துவைக்கவும்.

நினைவிற் கொள்க

கொடுக்கை உடனே எடுங்கள். கொட்டிய இடத்துக்கு அப்பாற் குறி தோன்றினால் வைத்தியசாலைக்கு விரையுங்கள். சென்ற முறை ஒன்றும் நேராதது இம்முறைக்குப் பிணையன்று. இம்மூன்றையும் வீட்டிலுள்ள எல்லோர்க்கும், சிறப்பாகப் பெட்டியருகே விளையாடும் பிள்ளைகட்கும், இன்றே சொல்லி வையுங்கள். மேலும் விபரம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகலாம்.