சேர்த்து வைக்கக் கேட்டால் விவாகரத்து வரும்

திருவண்ணாமலை வேங்கிக்காலில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் பட்டாவும் முதியோர் உதவித்தொகையும் கேட்டுத்தான் பலர் வருவார்கள். 'புருஷனோடு சேர்த்து வையுங்கள்' என்ற கோரிக்கையோடு யாராவது வந்தால், அந்த உத்தரவை ஆட்சியரால் போட முடியாது. நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே இதற்கென்றே இந்து திருமணச் சட்டம் 1955-ன் 9-வது பிரிவு இருக்கிறது. பேச்சுவழக்கில் 'சேர்ந்து வாழும் மனு'. குடும்பநலச் சட்டத்தில் இதைப் போல ஆளை ஏமாற்றும் பெயர் வேறில்லை என்பேன்.

இந்த மனுவில் ஜெயித்தாலும், வர மறுப்பவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து வீட்டில் விட எந்த நீதிமன்றத்தாலும் முடியாது. அதிகபட்சம் அவர் சொத்தை ஜப்தி செய்யலாம். ஆனால் தீர்ப்பு வந்து ஓராண்டு கடந்தும் சேரவில்லை என்றால், அதையே காரணமாகக் காட்டி இருவரில் யார் வேண்டுமானாலும் விவாகரத்து கேட்கலாம் என்கிறது 13-வது பிரிவு. ஜலந்தரைச் சேர்ந்த சரோஜ் ராணி வழக்கில் நடந்தது இதுதான். சேர்ந்து வாழக் கேட்டு 1977-ல் மனு போட்டவர் மனைவி. கணவர் சம்மதம் என்றார்; தீர்ப்பும் வந்தது. ஓராண்டு கழித்து, 'நாங்கள் சேரவில்லை' என்று அந்தக் கணவரே விவாகரத்து கேட்டார். 1984-ல் உச்ச நீதிமன்றம் அந்த விவாகரத்தை உறுதி செய்தது. முந்தைய ஆண்டுதான் நடிகை சரிதாவின் வழக்கில் ஆந்திர உயர் நீதிமன்றம், இந்தப் பிரிவே அரசியலமைப்புக்கு விரோதம் என்று சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பிரிவு இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

இப்படி மனு போட்டுச் சேர்ந்த தம்பதிகள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கலாம். ஆனால் சமரசத்துக்கு முயல வேண்டிய கடமை விவாகரத்து வழக்கிலும் நீதிமன்றத்துக்கு உண்டு. அதற்கு 9-வது பிரிவு தேவையில்லை. 'இதெல்லாம் வக்கீல் கவலை, நாம் எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும்' என்பது இன்னொரு வாதம். வக்கீல் மனு எழுதலாம். சம்மன் வருவது நம் வீட்டுக்கு. அதை வாங்கிப் பரணில் போட்டுவிட்டு வாய்தாவுக்குப் போகாமல் இருந்தால், நம் தரப்பைக் கேட்காமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வரும். அதை ரத்து செய்யக் கேட்கப் பொதுவாக 30 நாள்தான் அவகாசம். சட்டம் சொல்லிக்கொடுத்தால் விவாகரத்து பெருகும் என்று பெரியவர்கள் பயப்படுவதும் உண்டு. பிரிய விரும்பாதவருக்குத்தான் இந்த அறிவு அதிகம் தேவை என்பதற்கு சரோஜ் ராணி வழக்கே சாட்சி.

ஜீவனாம்சத்திலும் இதே குழப்பம். விவாகரத்து ஆன பிறகுதான் கேட்க முடியும் என்று நம்புகிறவர்கள் பலர். வழக்கு நடக்கும்போதே இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். விவாகரத்து வழக்கே இல்லாமலும் கேட்கலாம். இதற்கான பிரிவு முன்பு 125 என்று சொல்லப்பட்டது, 2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 144. மனு போட்ட தேதியிலிருந்தே தொகையைக் கணக்கிட வேண்டும் என்று 2020-ல் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனைவி ஜீவனாம்சம் கேட்டதும் கணவன் பதிலுக்குச் சேர்ந்து வாழும் மனு போடுவது பழைய தந்திரம்: 'நான் கூப்பிட்டேன், அவள்தான் வரவில்லை' என்று காட்டலாமே! அப்படித் தீர்ப்பு வாங்கியிருந்தாலும், அந்த ஒரே காரணத்துக்காக மனைவியின் ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

ஆகவே எந்த மனுவிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன், இதில் ஜெயித்தால் அடுத்து என்ன நடக்கும் என்று வக்கீலிடம் கேளுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லாத பெண்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது, உதவி இலவசம். தொலைபேசி எண் 15100.